பத்தாவது கல்லில் நிற்க வேண்டும்

ஏப்ரல் 29, பார்மேர்

இந்த நோட்டை வாங்கியது அவர். முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். தேதி, கிளம்பிய இடம், சேர்ந்த இடம், தூரம், வெயில், குடித்த தண்ணீர், நின்ற நேரம். தினமும் நான் நிரப்ப வேண்டும். ஈரோடு போனதும் இதை வைத்துப் புத்தகம் எழுதப் போகிறாராம். அட்டையில் போடும் வரி இப்போதே தயார்: கோடையில் தார் பாலைவனத்தைச் சைக்கிளில் கடந்த முதல் தமிழ்த் தம்பதி. முதல் என்று யார் சரிபார்த்தது என்று கேட்டேன்.

"இந்த வெயில்ல வேற எவன் கோதை வருவான்?" என்றார். அதுவும் நியாயம்தான்.

கட்டம் அவருக்கு. கட்டத்துக்குக் கீழே மிச்சம் இருக்கும் இடம் எனக்கு. கடைசியில் கட்டத்தை மட்டும் வேறு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் போயிற்று.

அவர் பெயர் சென்னியப்பன், வயது ஐம்பத்தைந்து. இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு ஒரு சைக்கிள் குழு ஆரம்பித்தார். குழுவில் எல்லோருக்கும் தலைவர். நான் பூங்கோதை, கல்லூரியில் கணக்கு வாத்தியார், வயது நாற்பத்தெட்டு. வாரக் கடைசியில் புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் சைக்கிளில்தான் பார்க்க முடியும் என்று தெரிந்து நாற்பத்து நாலாவது வயதில் நானும் மிதிக்கப் பழகினேன். முகம் எங்கே பார்த்தேன், முதுகைத்தான் பார்த்தேன்.

எங்களுக்குள் சட்டம் ஒன்றே ஒன்று. முன்னால் போகிறவர் பத்து கிலோமீட்டருக்கு ஒரு கல்லில் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்து, இரண்டு பேரும் தண்ணீர் குடித்த பிறகுதான் அங்கிருந்து நகர வேண்டும். நின்ற நேரம் என்ற கட்டம் அதற்குத்தான். அவர் நிற்பார், நான் போய்ச் சேருவேன், எத்தனை நிமிஷம் நின்றேன் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுவார். பீஸ் கட்டாத பையனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வையும் இருக்கும்.

அவருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். தென்காசிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் என்னை முதல்வராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். மே பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் தனியாகப் போய்விடுவேன், திரும்பி வருவதற்காகப் போக மாட்டேன். இந்த ஐந்நூறு கிலோமீட்டரில் இந்த மனுஷனோடு மிச்ச காலத்தை ஓட்ட முடியும் என்று தோன்றினால் மாட்டேன் என்று எழுதிவிடுவேன். பிகானேர் போய்ச் சேருவதற்குள் முடிவு தெரிந்துவிடும்.

ஏப்ரல் 30, ஷிவ்

பார்மேர் – ஷிவ். 57 கி.மீ. வெயில் 43. தண்ணீர் ஆளுக்கு ஆறு லிட்டர். நின்ற நேரம் 6, 9, 8, 12, 10.

விடியும் முன்னே கிளம்பினோம், பத்து மணிக்கெல்லாம் ரோடு அடுப்புக் கல் போல ஆகிவிட்டது. நடு மதியத்தில் ஒரு டாபாவின் தகரக் கூரைக்குக் கீழே கிடந்துவிட்டு, ஐந்து மணிக்கு மறுபடி ஏறினோம். இப்படித்தான் தினமும் போகப் போகிறது.

என் சைக்கிளுக்குப் பின்னால் ஐந்து லிட்டர் தண்ணீர்ப் பை. உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் மருந்தும் என்னிடம். அவரிடம் கூடாரம், கேமரா, பறக்கவிட்டுப் படமெடுக்கிற அந்தப் பொம்மை, அதற்கு நாலு பேட்டரி. தண்ணீர் அவரிடம் இரண்டு பாட்டில்தான். இதைவிடச் சரிசமமாகப் பாரத்தைப் பிரிக்க முடியாது என்று குழுவில் படம் போட்டு விளக்கியிருக்கிறார்.

ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். முற்றத்தில் தரைக்குள் கட்டிய தொட்டி, அதற்குப் பூட்டு. அந்தம்மா பூட்டைத் திறந்து, ஒரே ஒரு வாளி எடுத்து, எங்கள் கையில் ஊற்றினாள். இவர் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் ஊற்றச் சொல்லிக் குனிந்தார். நம்மூர் போர்வெல் பழக்கம். அவளுக்குக் கை அப்படியே நின்றுபோய்விட்டது. லாரித் தண்ணீர், பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வரும் என்றாள். நான் சின்ன வயதில் இந்திப் பரீட்சை நாலு பாஸ் செய்தவள், எனக்குப் புரிந்தது. இவர் அதற்குள் கேமராவை எடுத்துவிட்டார். அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மன்னிப்புக் கேட்டது நான்தான், கதவைப் பார்த்துக் கேட்டேன்.

மே 1, தேவிகோட்

61 கி.மீ. எழுதத் தெம்பில்லை.

மே 2, ஜெய்சல்மேர்

தேவிகோட் – ஜெய்சல்மேர். 42 கி.மீ. வெயில் 44. தண்ணீர் ஐந்தரை லிட்டர். நின்ற நேரம் 7, 6, 0, 5.

மூன்றாவது கல்லில் அவர் இல்லை. நான் நின்றேன். ஒருவேளை ஒதுங்கப் போயிருப்பாரோ என்று பார்த்தேன். ஒதுங்குவதற்குக் கூட மறைவில்லாத இடம் அது, அடிவானம் வரைக்கும் மொட்டை. நாலாவது கல்லுக்குப் போனால் அங்கேயும் இல்லை. ஊர் எல்லையில் கோட்டையை மேலிருந்து படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் போயிரும்னு வந்துட்டேன். நீதான் தெளிவா வந்துட்டல்ல," என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நோட்டை வாங்கிக் கட்டத்தை மட்டும் பார்த்தார், கீழே இருப்பதைப் படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. இரண்டு பூஜ்ஜியம். "ரெண்டு எடத்துல பூஜ்ஜியம் இருந்தா புத்தகத்துல நல்லாருக்காது. ஒண்ணுல அஞ்சுன்னு போடு." போட்டேன். இருபத்தாறு வருஷமாகக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன், ஒரு பையனுக்கு ஒரு மார்க் கூட்டிப் போட்டதில்லை.

மே 3, ஜெய்சல்மேர்

ஓய்வு. துணி துவைத்தேன். பிழிந்து கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் முதலில் போட்டது காய்ந்துவிட்டது.

போனில் இரண்டு பதில் எழுதி அனுப்பாமல் வைத்திருக்கிறேன். ஒன்று சம்மதம் என்று, ஒன்று மன்னிக்கவும் என்று. இரண்டிலும் இலக்கணப் பிழை இல்லை.

கர்ப்பப்பை எடுத்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு இவர் ஊட்டி மலையேறும் போட்டிக்குப் போயிருந்தார். ஆறு மாதத்துக்கு முன்பே பணம் கட்டிவிட்டாராம், டாக்டர் தேதியை மாற்றித் தரலாமே என்றார். சாயங்காலம் வந்தார், வேர்வை நாற்றத்தோடு. கழுத்தில் இருந்த பதக்கத்தைக் கழற்றி டிரிப்ஸ் கம்பியில் மாட்டி, "இது உனக்குத்தான்" என்று என்னையும் சேர்த்துப் படமெடுத்தார். அதற்கு நானூறு பேர் விருப்பம் போட்டார்கள். எனக்கு அந்த நானூறு பேரையும் பிடிக்காது.

மே 5, சாந்தன்

ஜெய்சல்மேர் – சாந்தன். 48 கி.மீ. வெயில் 46. தண்ணீர் ஏழு லிட்டர். நின்ற நேரம் 5, 14, 11, 8.

இன்று அவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டியிருக்கிறது, எழுதாவிட்டால் நோட்டு பொய்யாகிவிடும்.

நம்மூர் சீமைக் கருவேலம் இங்கேயும் இருக்கிறது. என் பின் சக்கரத்தில் ஒரே சமயத்தில் மூன்று முள். ஒட்டுப் போட்டால் சூட்டில் ஒட்டு உரிந்து வந்துவிடுகிறது. அவர் ஒரு மணி நேரம் ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாலு தடவை கழற்றி நாலு தடவை ஒட்டினார். இரும்பு தொட்டு உள்ளங்கை கன்றிப்போய்விட்டது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. தன் துண்டை நனைத்து என் தலையில் போட்டுவிட்டார், அவர் தலையில் ஒன்றும் இல்லை. "காத்து எறங்குதான்னு காதை வெச்சுப் பாரு கோதை" என்றபோது குரல் கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தது.

இந்த மனுஷன் பஞ்சரானவர்களோடு நன்றாக இருப்பார். ஓடிக்கொண்டிருக்கிறவர்கள்தான் அவர் கண்ணில் பட மாட்டார்கள்.

மன்னிக்கவும் என்று எழுதிய பதிலை இன்னொரு தடவை எடுத்துப் படித்தேன்.

மே 6, பொக்ரான்

62 கி.மீ. எதிர்க் காற்று. உதடு வெடித்து ரத்தம். எல்லாக் கல்லிலும் நின்றார்.

மே 7, பலோடி

பொக்ரான் – பலோடி. 55 கி.மீ. வெயில் 47. தண்ணீர் ஏழரை லிட்டர். நின்ற நேரம் 4, 3, 0, 16, 22.

கடைசி இரண்டு கட்டத்தில் இருக்கிற நிமிஷங்கள் நான் நின்றவை. வழியில் மிளகாய் வடை சுடச்சுடப் போட்டார்கள். ஆறு தின்றார், மேலே இரண்டு பெரிய டம்ளர் மோர். வேண்டாமென்று சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பதாவது கிலோமீட்டரில் வயிறு காட்டிக்கொடுத்துவிட்டது, அந்தக் கல்லுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். அதற்குப் பிறகு இரண்டு கல்லிலும் நான் முன்னால், அவர் பின்னால்.

முன்னால் போவது எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரைக்கும் தெரியாது. ரோடு காலியாக இருக்கிறது. பார்க்க முதுகு இல்லை. கல்லில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன், பார்த்ததும் அவருடைய அந்தப் பார்வை எனக்கும் தானாக வந்துவிட்டது. அவர் வந்து சேர்ந்தபோது "இருபத்தி ரெண்டு" என்றேன். சந்தோஷமாகச் சொன்னேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மே 8, பலோடி, பகல்

ராத்திரி முழுக்கக் கக்கூசுக்கு ஓடிக்கொண்டே இருந்தார். காலையில் கண் உள்ளே போய்விட்டது.

"ஏனுங்க, ஒரு ரெண்டு நாள் இருந்து போலாமுங்க."

"பதினொண்ணாந் தேதி பிகானேர்ல இருக்கோணும். குழுவுல ஆளுங்க வீடியோவுல வர்றாங்க, பேனர் எல்லாம் அடிச்சாச்சு."

"பேனரா உசுரா?"

"இதுக்கெல்லாம் உசுரு போவாது. நீ முன்னால போ, நான் உன் பின்னாலயே மெதுவா வர்றேன். கல்லுல மட்டும் நில்லு."

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். அடுத்த ஊர் பாப், நாற்பது கிலோமீட்டர்.

மே 9, பலோடி, ஆஸ்பத்திரி

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். கட்டத்தை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்.

பாப் 30 என்ற கல்லில் நின்றேன். பன்னிரண்டு நிமிஷத்தில் வந்து சேர்ந்தார். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன், பாதி குடித்துப் பாதி வாந்தி எடுத்தார். திரும்பிவிடலாம் என்றேன். "போ, போ" என்று கையை ஆட்டினார். அப்போது மேற்கே ஒரு காவிச் சுவர் தெரிந்தது. மழை என்று நினைத்தேன். இங்கே அதற்கு ஆந்தி என்று பெயர், புழுதிப் புயல். ஆறு மணி சுமாருக்கு வந்து அடித்தது. சாலை தெரியவில்லை. கண்ணாடியை மீறி மண் கண்ணுக்குள் வந்தது. பல்லில் நறநற என்றது. எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஆட்டம் கண்டபடி போனது.

அடுத்த கல் கண்ணில் படவில்லை. 20 என்பதில் பூஜ்ஜியத்தின் மேல் மட்டும் மண் அப்பி, வெறும் இரண்டு போல இருந்தது. அடைக்கலம் தேடி உதவி கூப்பிடலாம் என்று முன்னால் போனேன். எட்டு கிலோமீட்டரில் ஒரு டாபா. அதன் சொந்தக்காரர் பன்வர்லால் உடனே தன் சின்ன லாரியை எடுத்தார். இங்கே ஏழரை வரைக்கும் வெளிச்சம், இருட்டும் முன் போய்ப் பார்த்தால், இவர் அதே 20 கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், தலை தொங்கிப்போய். கூப்பிட்டால் பதில் இல்லை. உடம்பு தோசைக் கல். வேர்வை நின்றுவிட்டிருந்தது. பாட்டில் இரண்டும் காலி. லாரியின் பின்னால் அவர் தலையை மடியில் வைத்து, என் பையில் இருந்த தண்ணீர் முழுவதையும் அவர் மேல் ஊற்றிக்கொண்டே வந்தேன். நாலு லிட்டருக்கு மேல் இருந்தது.

டாக்டர் சின்னப் பெண். வெயில் மயக்கம், நீர் வற்றிப்போயிருக்கிறது, சிறுநீரகம் கொஞ்சம் அடிவாங்கியிருக்கிறது, நாலு நாளில் சரியாகிவிடும் என்றாள். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றும் சொன்னாள்.

மே 9, சாயங்காலம்

கண் திறந்துவிட்டார். கேட்ட முதல் கேள்வி, கேமரா எங்கே.

இரண்டாவது வேலையாக ஊருக்குப் போன் போடச் சொன்னார். புனேயில் இருக்கும் மகள் நித்திலாவுக்கும் சொன்னார், குழுவில் ஒவ்வொருத்தருக்கும் சொன்னார். குரல் எழும்பவில்லை, ஆனாலும் விடவில்லை. "புயல்ல உசுரக் குடுத்து முன்னால போயி ஆளைக் கூட்டிட்டு வந்தா. கோதை இல்லீன்னா நான் இல்ல." பதிமூன்று பேரிடம் இதையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் போனை என்னிடம் நீட்டினார். "நீங்க அம்மா இல்ல, தெய்வம்" என்றான் குழுப் பொருளாளர். பசி என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

மே 10

அவருக்குக் கஞ்சி. நர்ஸுக்குக் கஞ்சி என்றால் என்னவென்று புரியவைப்பதற்குள் நாலு பரீட்சை இந்தியும் தீர்ந்துபோயிற்று.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். மெட்ராஸ் பெண்மணியின் வீரம் என்று போடப் போகிறாராம். ஈரோடு என்றேன், ஒரே ஊர்தான் என்றார். கணவரை விட்டுப் பிரிந்து புயலில் போக எப்படித் துணிச்சல் வந்தது என்று கேட்டார். கல்லைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை என்றேன். சொன்ன பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார்.

கட்டம் இன்னும் நிரப்பவில்லை.

மே 11

இன்று பிகானேரில் இருந்திருக்க வேண்டிய நாள். பேனரை அடித்தவர்கள் வீடியோவில் அப்படியே வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே பாராட்டு விழா நடத்திவிட்டார்கள். எனக்குத் தனியாக ஒரு பொன்னாடை, போட்டோவில் ஒட்டிக் காட்டினார்கள். முடிந்ததும் போனை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்தார். அறையில் வேறு யாரும் இல்லை. நான் சொல்லிவிட்டேன்.

"நான் கல்லுல நிக்கலீங்க."

"தெரியும்," என்றார்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"கல்லுகிட்ட வந்ததும் மெதுவாக்குன. ஒரு காலை ஊனுன. திரும்பிப் பாத்த. நான் கையைத் தூக்குனேன். எரநூறு அடி கூட இருக்காது."

"புழுதியில தெரியலீங்க."

"தெரிஞ்சுது கோதை."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். அவர் என் கையைப் பிடித்து இழுத்து, கன்றிப்போன உள்ளங்கையால் மேலே தட்டினார்.

"அதை விடு. நானா இருந்தாலும் போயிருப்பேன்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். மனசாரச் சொன்னார், அது எனக்குத் தெரியும். உனக்கும் எனக்கும் சரியாகிவிட்டது என்கிற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனார். குறட்டை விட்டார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்தாறு வருஷமாக நான் சந்தேகப்பட்டதை இவர் கட்டிலில் படுத்துக்கொண்டு பரிசு மாதிரி கையில் கொடுத்துவிட்டார். போயிருப்பாராம். நான் பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் போயிருப்பாராம். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே இத்தனை தூரம் மிதித்து வந்தேன், இதை வைத்துக்கொண்டு தலைநிமிர்ந்து தென்காசிக்குப் போயிருக்கலாமே. ஆனால் அதைச் சொல்லவைத்தவள் நான், முதலில் போனவளும் நான்.

கல்லில் நடந்ததை மட்டும்தான் அவரிடம் சொன்னேன். அதற்கு மேல் நடந்ததை இங்கே எழுதுகிறேன், இந்த நோட்டை அவர் இனிப் பார்க்கப் போவதில்லை.

டாபாவுக்கு ஆறே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பன்வர்லால் வாசலுக்கு ஓடிவந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். கட்டில் போட்டு உட்காரவைத்தார். அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முகம் கழுவச் சொன்னாள். எத்தனை மண், எத்தனை மண் என்று சிரித்தாள். அப்புறம் கேட்டாள், "அகேலி?" தனியாகவா என்று.

ஆமாம் என்றேன்.

பயத்தில் வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். சொன்னதும் நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. அவள் ஏலக்காய் போட்டு டீ கொடுத்தாள். குடித்தேன். எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டாள். ஒரு கல்லூரிக்கு முதல்வர் என்றேன். வீட்டுக்காரர் என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன், அவள் அதை என்னவாக எடுத்துக்கொண்டாளோ, என் முழங்காலைத் தொட்டு உச்சுக் கொட்டினாள். இன்னொரு டீ ஊற்றினாள். அதையும் குடித்தேன். ருசியாக இருந்தது, ருசி தெரிந்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதினைந்து நிமிஷம் இருக்கும். பன்வர்லால் என் சைக்கிளைத் திண்டில் சாய்த்துவிட்டுத் தண்ணீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தார். "ஒரு ஆளுக்கா இவ்வளவு தண்ணீர்?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார். டீ டம்ளரைக் கீழே வைத்தேன். பின்னால் ஒருத்தர் வருகிறார் என்றேன். யார் என்றார். என் வீட்டுக்காரர் என்றேன். அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை. பன்வர்லால் ஒன்றும் கேட்காமல் சாவியை எடுக்க உள்ளே ஓடினார்.

பத்திரிகைக்காரர் அந்த டாபாவுக்கும் போய்ப் பேசினாராம். அவர்கள் இதை அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது.

மே 12

கட்டத்தைச் சுத்தமாக வேறு நோட்டில் எழுதினேன். எட்டாம் தேதிக்கு வந்ததும், "இருபதாங் கல்லுல நாலு நிமிஷம்னு போட்டுரு, நீ நின்னு பாத்துட்டுப் போனன்னு நான் எழுதிக்கறேன்" என்றார். நாலு என்று போட்டுக் கையில் கொடுத்துவிட்டேன்.

பிறகு வராந்தாவுக்கு வந்து, போனில் இருந்த இரண்டு பதிலில் சம்மதம் என்று எழுதியதைக் கல்லூரிக்கு அனுப்பினேன். அவரைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவதாகத்தான் இத்தனை நாளும் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். இப்போது வெறுமனே போகிறேன். அவர் எனக்குச் செய்ததற்காக இல்லை. அவர் பக்கத்தில் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று தெரிந்துபோய்விட்டது, அதற்காக.

மே 14, ரயிலில்

சைக்கிள்களைப் பிரித்து மூட்டை கட்டிப் பார்சலில் போட்டாயிற்று. ஜோத்பூரில் ஏறினோம். கீழ்ப் படுக்கையை அவருக்குக் கொடுத்தேன். இளைத்துவிட்டார், சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நிற்கிறது. இளநீர் கேட்டார், இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும்.

காலைச் சாப்பாடு ஆன பிறகு சொன்னேன்.

"தென்காசிப் பக்கம் ஒரு காலேஜுல முதல்வர் வேலை. சேர்றேன்னு எழுதிட்டனுங்க."

நித்திலாவுக்குத் தெரியுமா என்றார். இனிமேல்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

"எப்பப் போகோணும்?"

"ஜூன் ஒண்ணு."

"வாராவாரம் வருவியா?"

"இல்லீங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கட்டாந்தரை, நடுநடுவே பச்சை. அவர் முதுகு அசையவில்லை. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை, உதடு மட்டும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

"நம்ம வீட்டுலிருந்து எத்தனை கிலோமீட்டர்?" என்றார்.

"முந்நூத்தி நாப்பது இருக்கும்."

"சைக்கிள்ல ரெண்டு நாள்தான். மதுரையில ஒரு ராத்திரி தங்குனா சாவகாசமா வந்துரலாம்."

"வராதீங்க," என்றேன்.

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டாபாவைப் பற்றிச் சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்து நின்றது. அவர் கேட்கவில்லை.